ஒரு குதிரை பத்து ரூபாய்

உங்கள் பழைய ஸ்கூட்டரை விற்கிறீர்கள். கொஞ்ச நாளாக எஞ்சினில் ஒரு மாதிரி சத்தம். வாங்க வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. நீங்களும் வாயைத் திறக்கவில்லை. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்கள். இதற்கு என்ன பெயர்?

‘ஏமாத்து வேலை’ என்பீர்கள். செய்கிறோமோ இல்லையோ, பெயரையாவது சரியாகச் சொல்லிவிடுவோம்.

இப்போது இதையே திருப்பிப் போடுகிறேன். நீங்கள் வாங்கப் போகிறீர்கள். விற்கிறவருக்குத் தன்னிடம் இருக்கும் பொருளின் அருமை தெரியவில்லை. நூறு ரூபாய் பெறும் பொருளைப் பத்து ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நீங்கள் வாயைத் திறக்காமல் பத்து ரூபாயை நீட்டிவிட்டு வருகிறீர்கள். இதற்கு என்ன பெயர்?

‘அதிர்ஷ்டம்’ என்பார் ஒருவர். ‘சாமர்த்தியம்’ என்பார் இன்னொருவர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட வந்துவிடும். இரண்டு இடத்திலும் நாம் செய்தது ஒரே காரியம்தான். தெரிந்ததைச் சொல்லவில்லை. ஒன்று ஏமாத்து, இன்னொன்று சாமர்த்தியம் ஆனது எப்படி?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. செஞ்சியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஓலைக் கொட்டகைக்குள், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பழைய கார் பைத்தியம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் இவர் ஏதாவது ஒரு கிராமத்தில் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையையாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘செஞ்சியில ஒரு ஹெரால்டு இருக்காம், வர்றியா? அப்படியே கோட்டையையும் பார்த்துட்டு வரலாம்’ என்றார். திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் செஞ்சி. கிளம்பிவிட்டேன்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரே போதும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த காலத்தில் இந்தியாவில் கார் என்றால் பிரதானமாக மூன்றே மூன்றுதான். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட், நம்ம மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்தது. டிசைன் செய்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-ல் இருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை மெட்ராஸில் செய்து விற்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் அவர்களுடைய ஃபேக்டரி இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள்.

சின்ன கார்தான். 948 சி.சி. எஞ்சின். ஆனால் விஷயமுள்ள கார். பானெட்டைத் திறந்தால், நம் கார்கள் மாதிரி மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கம் மொத்தமாக முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். சந்துக்குள் மாட்டிக்கொண்ட அம்பாசடர்காரர் வயிறெரிவார். உள்ளே மரப்பலகை டேஷ்போர்டு. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். சொகுசு என்னவோ உண்டு. வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கி வயிற்றைக் கலக்குவதும் உண்டு. பாடியைத் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். மழைக்கு ஒழுகும் என்று புகார். ஒரு துண்டு அடிபட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது வசதி.

கொட்டகைக்குள் இருந்தது சாதாரண ஹெரால்டு இல்லை. நாலு கதவு வைத்த மார்க் த்ரீ. இங்கிலாந்துக்காரன் கடைசிவரை ஹெரால்டுக்கு நாலு கதவு வைக்கவில்லை. குடும்பம் குட்டியோடு போகிற நம் ஜனங்களுக்காக மெட்ராஸில் வைத்தார்கள். ஆகவே இது நம் ஊர்ச் சரக்கு. ஆர்.சி. புத்தகத்தில் 1969 என்று இருந்தது.

சிநேகிதர் சோதித்ததைப் பார்க்கவேண்டும் நீங்கள்! பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார். ஒட்டினால் அசல் தகடு. வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி பார்த்து மழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்ணெண்ணெய்த் துணியால் சேஸிஸ் நம்பரைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். எஞ்சின் நம்பரும் சரியாக இருந்தது. எஞ்சின் மாறாத வண்டிக்கு இந்த உலகத்தில் தனி மரியாதை. மீட்டர்கள், எழுத்துச் சின்னங்கள், பம்பர் எல்லாம் அப்படியே. பின்பக்கம் இடது கதவுக்கு மட்டும் கைப்பிடி இல்லை. சைக்கிள் ட்யூபைக் கட்டி வைத்திருந்தார்கள். தரையில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. ஆனால் அவர் காது சிவந்திருந்ததை நான் கவனித்தேன். இருபது வருஷப் பழக்கம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். கணவர் நெல் மண்டி வைத்திருந்தவர். போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில். ‘அவர் போனப்புறம் யாரும் எடுக்கல. மழைக்கு இந்தக் கொட்டாய் விழுந்துடும்போல இருக்கு’ என்றார். ஏற்கெனவே ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்திருக்கிறார். வண்டி 800 கிலோ, கிலோ 25 ரூபாய், ஆக 20,000 என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். ‘நீங்க ஒரு இருபத்தஞ்சு குடுத்துட்டு எடுத்துக்குங்க’ என்றார் அந்த அம்மா.

சிநேகிதர் தலையைச் சொறிந்தார். ‘துரு ஏறிடுச்சேம்மா’ என்றார். அது பொய் இல்லை. கொஞ்சம் துரு இருந்தது. 22,000-க்கு முடிந்தது. 5,000 ரூபாய் அட்வான்ஸ். மீதியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அதே வண்டியை அதே நிலையில் சென்னையிலோ கோவையிலோ கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றரை லட்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். இதைச் சிநேகிதரே வரும் வழியில் என்னிடம் சொல்லியிருந்தார்.

பிறகு காபி வந்தது. காபி வந்ததுதான் வினை. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். ‘தம்பி பத்திரிகையில எழுதறவர்னு சொன்னாங்க. நாலும் தெரிஞ்சவரு. நான் கேட்டது சரியான விலைதானே?’

நான் என்ன செய்தேன் தெரியுமா? காபியைக் குடித்தேன்.

நான் பி.காம். படித்தவன். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஆனால் வணிகச் சட்டப் பாடம் மட்டும் ஒரு காரணத்தால் மறக்கவில்லை. 1872-ல் எழுதிய இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உதாரணத்துக்கு அடிக்கடி குதிரையைக் கட்டி இழுத்து வருவார்கள். அன்றைக்கு ஏது கார்!

பிரிவு 17-ல் வருவது இது. ஏ என்பவர் பி-க்கு ஏலத்தில் ஒரு குதிரை விற்கிறார். குதிரைக்குக் கோளாறு என்று ஏ-க்குத் தெரியும், சொல்லவில்லை. இது மோசடி இல்லை என்கிறது சட்டம். பிரிவு 25-ல் இன்னும் அழகு. ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள குதிரையை ஒருவர் பத்து ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறார். சுயமாகச் சம்மதித்திருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். விலை குறைவு என்பது மட்டும் காரணம் ஆகாது. பிரிவு 20-ல் ஒரு விளக்கம்: பொருளின் மதிப்பைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்பது, ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடிய தவறு ஆகாது.

ஆக, சட்டப்படி சிநேகிதர் சுத்தம். வக்கீல் வைத்தாலும் ஜெயிப்பார்.

நான்தான் மாட்டிக்கொண்டேன். அதே பிரிவு 17-ல் அடுத்தடுத்து இரண்டு உதாரணங்கள். ஒன்று, வாங்கும் பி, விற்கும் ஏ-வின் மகள். அப்போதுதான் மேஜர் ஆனவள். இந்த உறவில் குதிரையின் கோளாறைச் சொல்லவேண்டியது ஏ-வின் கடமை. இன்னொன்று, பி கேட்கிறார்: ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.’ ஏ மௌனமாக இருக்கிறார். அப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

காபி டம்ளரும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தது அந்த உதாரணத்துக்குள்தான். விற்கிறவள், வாங்குகிறவன் என்றிருந்த இடத்தில் ‘தம்பி’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார் அந்த அம்மா. வாயில் காபி இருக்கிறது என்கிற சாக்கு எத்தனை நொடிக்குச் செல்லும்?

ராஜகிரிக் கோட்டைக்குள் போனோம். கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வரிசையாக வளைவுகள் வைத்த கட்டடம் இருக்கிறது. குதிரை லாயம் என்கிறார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து சண்டை போட்டோம். செஞ்சியில் சண்டை போடுவது புதுசா என்ன! 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. ராஜாராமைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை சுமார் எட்டு வருஷம் வெளியே உட்கார்ந்திருந்த கோட்டை. 1714-ல் தேசிங்கு ராஜன் என்கிற சின்னப் பையன், கப்பம் கேட்ட ஆற்காட்டு நவாபுடன் மோதிச் செத்துப்போன ஊர். குதிரை இல்லாமல் தேசிங்கு கதை ஏது? 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியக் கோட்டைகளின் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பத்துக்குச் சண்டை போட்ட கல்லுக்கு இப்போது உலக மதிப்பு.

‘அந்தம்மாகிட்ட உண்மை விலையைச் சொல்லியிருக்கணும்’ என்றேன்.

சிநேகிதர் கோபப்படவில்லை. ‘எனக்குத் தெரியறது சும்மா வந்ததா? இருபது வருஷம் ஊர் ஊரா அலைஞ்சு கத்துக்கிட்டது. டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு ஃபீஸ் வாங்கறார். அது அஞ்சு நிமிஷத்துக்கா? என் ஃபீஸ்தான் இந்த லாபம். இன்னொண்ணு, ஒன்றரை லட்சம்னு சொன்னேன்னு வை. அந்தம்மா மகனுக்குப் போன் பண்ணும். மகன் மூணு லட்சம்பான். ஒருத்தனும் வாங்க மாட்டான். ரெண்டு மழையில கொட்டாய் விழும். அப்புறம் அந்த இரும்புக் கடைக்காரன்தான் வருவான், கிலோ கணக்குல. இந்த வண்டி பிழைக்கணுமா, வேணாமா?’

சொல்லுங்கள், இதில் எது தப்பு? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இவர் வண்டியை வாங்கினால் விற்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். மூன்று லட்சம் செலவு செய்து உயிர் கொடுப்பார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சிசரோ என்கிற ரோமாபுரிக்காரர், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியம் கொண்டுவருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறார். தீவு ஜனங்களுக்கு அது தெரியாது. சொல்லிவிட்டால் விலை விழும். சொல்லவேண்டுமா, வேண்டாமா?

இதற்கு இரண்டு தத்துவவாதிகள் மோதுகிறார்கள். குருவும் சிஷ்யனும். பாபிலோன்காரரான டயோஜெனிஸ் என்கிற குரு, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரமே நடக்காது என்பது அவர் கட்சி. ஆன்டிபேட்டர் என்கிற சிஷ்யன், சக மனிதனின் நன்மை உன் நன்மை இல்லையா, சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார். சிசரோ சிஷ்யன் பக்கம். எதிராளி தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றை, உன் லாபத்துக்காக அவனுக்குத் தெரியாமல் வைத்திருந்தால் அது மறைப்புதான் என்கிறார்.

அவ்வளவு தூரம் எதற்கு? காவிரிப்பூம்பட்டினத்து வியாபாரிகளைப் பற்றி பட்டினப்பாலை பேசுகிறது. வாங்கும்போது அதிகமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று. முதல் பாதியைக் கவனியுங்கள். வாங்குகிறவனுக்கும் நேர்மை உண்டு என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் விற்கிறவனுக்கு மட்டும் தராசைத் தூக்கிப்பிடிக்கிறோம். விற்கிறவன் ஏமாற்றினால் நமக்கு நஷ்டம் வருகிறது. வாங்கும்போது ஏமாற்றுவது நாமே. காரணம் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுற்றிப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்துத் தேக்குக் கதவு, பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா, தாத்தாவின் கிராமபோன்... பட்டணத்துக் கடையில் இருப்பதெல்லாம் யாரோ ஒரு கிழவியிடம் ‘இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கே பாட்டி’ என்று சொல்லி எடுத்தவைதானே? இதே செஞ்சியில், வேங்கடரமணர் கோயில் கல் தூண்களை பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவைதான். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. பத்திரமாகவும் இருக்கின்றன. சிநேகிதரின் வாதமும் அதுதானே?

என் சிநேகிதரை பிரெஞ்சுப் படையோடு சேர்ப்பது அநியாயம். பணம் கொடுத்து வாங்குகிறார். உழைத்துக் கற்ற அறிவுக்குக் கூலி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காந்தம் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர், துருவைப் பார்த்து பயப்படாதவர், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர் லாபம் பார்க்கட்டும். ஒன்றரை லட்சம் போகும் வண்டியை ஒரு லட்சத்துக்கு வாங்கினால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். ஆனால் 22,000 என்பது அறிவுக்குக் கூலியா, அறியாமைக்கு அபராதமா? அந்த அம்மா அவருடைய திறமைக்கு அல்ல, தன் தனிமைக்குக் கட்டுகிற பணமல்லவா அது?

இன்னொரு விஷயம். எங்கள் அக்கவுண்டன்சி பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. காருக்கு வருஷம் 15 சதவிகிதம் கழித்துக்கொண்டே வரவேண்டும். இன்று ஒரு லட்சம் பெறும் கார் ஐம்பது வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் சுமார் 30 ரூபாய் ஆகிவிடும். பூஜ்யம் மட்டும் ஆகவே ஆகாது. இரும்புக் கடைக்காரர் போட்டதும் ஒரு வகையில் அந்தக் கணக்குதான். நேர் எதிராக 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது. எடைக்குப் போட்டால் 20,000 வரும். அதே வண்டியை மதிக்கத்தக்கது என்று பதிவு செய்ய 20,000 கட்டவேண்டும். இந்த இரண்டு இருபதாயிரங்களுக்கு நடுவில்தான் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது.

‘நீங்க சொல்லலைன்னா நான் போன் பண்ணிச் சொல்லிடுவேன்’ என்றேன். சிநேகத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, இதில் பாதி அந்த அம்மாவுக்காக இல்லை. நான் குடித்த காபிக்காக. என் மௌனத்தை வேறொருவர் காசில் கழுவப் பார்த்தேன். அவருக்கு லட்ச ரூபாய் நஷ்டம். எனக்கு நல்ல பெயர். இதற்குச் சட்டத்தில் என்ன உதாரணம் இருக்கிறதோ!

திண்டிவனம் வரை அவர் பேசவில்லை. சென்னை வரைக்கும்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அந்த அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். ‘அம்மா, வண்டிக்கு நான் சொன்ன விலை கம்மி. வெளியில ஒன்றரை லட்சம் வரைக்கும் போகும். செலவும் நிறைய இருக்கு. எழுபதாயிரம் தர்றேன்’ என்றாராம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். கண் கலங்கி ‘நீ நல்லா இருக்கணும் தம்பி’ என்று வாழ்த்தியிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ‘ஒன்றரை போறதுக்கு எழுபதா? ஒன்று இருபது கொடு’ என்றாராம்! மண்டிக்காரர் மனைவி அல்லவா! ‘எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா, மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிக்கிற மாதிரி, உன் கையைப் பிடிச்சே கண்டுபிடிச்சிருப்பாரு. அன்னிக்கு உன் சிநேகிதன் காபி குடிச்ச லட்சணத்தைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்’ என்று வேறு சொல்லியிருக்கிறார்.

ஒரு லட்சத்து ஐந்தாயிரத்துக்கு முடிந்தது. இறந்தவர் பெயரில் இருந்த ஆர்.சி.யை முதலில் அந்த அம்மா பெயருக்கு மாற்றி, பிறகு இவர் பெயருக்கு மாற்ற நாலைந்து நடை. அந்தச் செலவும் இவர் தலையில்.

என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. போன வாரம் போன் வந்தது. காபி விஷயத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். டேஷ்போர்டு மரத்துக்குப் பாலிஷ் போட்டாயிற்றாம். பின்பக்கம் இடது கதவுக் கைப்பிடி மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று செஞ்சிக்கே போன் செய்து கேட்டிருக்கிறார். கொட்டகையைப் பிரிக்கும்போது தவிட்டு மூட்டைக்கு அடியில் கிடைத்ததாம். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம் அந்த அம்மா.

‘குடுத்துட்டாங்களா?’ என்றேன்.

‘அசல் பார்ட்டுன்னு எண்ணூறு ரூபா கேட்டாங்க’ என்றார் சிநேகிதர். ‘குடுத்தேன்.’